எஸ்7, எஸ்7 மேக்ஸ்வி: பழைய ரோபோ வாக்குவத்தில் எதை வாங்குவது?

கேள்வி (நவம்பர் 16, 2025)

ஊர் பாளையங்கோட்டை. வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும். நான் சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை வந்துபோகிறேன். சிங்கப்பூரில் இருக்கும் தங்கை பொங்கலுக்கு வருகிறாள். அவளுடைய அலுவலகத்தில் இருவர் வீடு மாறுகிறார்கள், இருவருமே ரோபோ வாக்குவத்தை, அதாவது தானே ஓடித் தரையைப் பெருக்கித் துடைக்கும் கருவியை, விற்கிறார்கள். ஒன்று ரோபோராக் நிறுவனத்தின் எஸ்7, மற்றது அதே நிறுவனத்தின் எஸ்7 மேக்ஸ்வி. இரண்டாவதன் விலை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. உறிஞ்சும் திறன் இரண்டு மடங்கு, கேமராவும் இருக்கிறது. ஆகவே மேக்ஸ்விதான் என்று முடிவு செய்துவிட்டேன். தங்கை, எதற்கும் விவரம் தெரிந்தவர்களைக் கேள் என்கிறாள். கேட்கிறேன்.

பதில் (நவம்பர் 16, இரவு)

முடிவு செய்துவிட்டு ஒப்புதல் கேட்கிறீர்கள். தருவதாக இல்லை.

எஸ்7 2021இல் வந்தது, மேக்ஸ்வி அதற்கு அடுத்த ஆண்டு. அட்டைப்பெட்டியில் உறிஞ்சும் திறன் என்று போட்டிருப்பது 2,500 பாஸ்கல், 5,100 பாஸ்கல் (பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு). இரண்டு மடங்குதான், மறுக்கவில்லை. ஆனால் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தமே சுமார் 1,01,325 பாஸ்கல். அதில் ஒரு கருவி இரண்டரை விழுக்காட்டைக் குறைக்கிறது, இன்னொன்று ஐந்து விழுக்காட்டை. அதுவும் உச்ச வேகத்தில் வைத்து அளந்த எண். வீட்டில் யாரும் அந்த வேகத்தில் தினமும் ஓட்டுவதில்லை. இரைச்சலில் தொலைக்காட்சி கேட்காது, பேட்டரியும் சீக்கிரம் இறங்கிவிடும். வழவழப்பான தரையில் கிடக்கும் தூசியை எடுக்க அவ்வளவு இழுவை தேவையில்லை; கம்பளத்துக்குள் புதைந்த மண்ணை இழுக்கத்தான் அது வேண்டும். பாளையங்கோட்டையில் எத்தனை வீட்டில் சுவருக்குச் சுவர் கம்பளம் விரித்திருக்கிறார்கள்?

நவம்பர் 17

இன்னும் இரண்டு எண்களைப் பாருங்கள். எஸ்7இன் தூசுப் பெட்டி 470 மில்லி, தண்ணீர்த் தொட்டி 300 மில்லி. மேக்ஸ்வியில் 400, 200. விலை கூடியதில் தொட்டி சிறியது!

மேக்ஸ்வியை அதன் பெரிய டாக்கோடு (கருவி வந்து நின்று சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் நிலையம்) சேர்த்து யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அல்ட்ரா என்ற பெயரில் விற்ற அந்த டாக், தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பும், மாப் துணியை அலசும், தூசியைத் தன் பைக்குள் இழுத்துக்கொள்ளும். அப்படி ஒன்று பக்கத்தில் நின்றால் கருவிக்குள் பெரிய தொட்டி எதற்கு? தங்கையிடம் கேளுங்கள்: அந்த அல்ட்ரா டாக் விலையில் சேர்த்தியா? இல்லை, சார்ஜ் ஏற்றும் சாதாரண டாக்தான் என்றால், அதிகப் பணம் கொடுத்துச் சின்னத் தொட்டியை வாங்குகிறீர்கள்.

துடைக்கும் வேலையில் இரண்டும் ஒன்று. அதே அதிரும் பலகை, நிமிடத்துக்கு 3,000 அதிர்வு வரை. கம்பளம் வந்தால் துணியை 5 மில்லிமீட்டர் தூக்கிக்கொள்ளும் அதே ஏற்பாடு. பேட்டரியும் அதே 5,200 மில்லி ஆம்பியர் மணி.

நவம்பர் 17, சற்றுக் கழித்து

'உங்களிடம் இருப்பது எது?' என்று ஒருவர் கேட்கிறார். வேறு நிறுவனத்தின் கருவி. பெயர் வேண்டாம், ஏனென்றால் இனி சொல்லப்போவது பெரும்பாலும் புகார்.

நவம்பர் 19

புகார் ஒன்று. பிரஷ்.

மனைவி பூ வைப்பவர். வாடிய சரத்தை எடுத்துப் போடும்போது ஒரு முழம் வாழைநாராவது கட்டிலடியில் விழும். ரோபோ அதைத் தேடிப்போய் விழுங்கும். நடு பிரஷ்ஷைக் கழற்றிப் பார்த்தால் நார் வெளியே தெரியாது. இரண்டு முனையிலும் இருக்கும் சிறு மூடிகளை இழுத்துக் கழற்ற வேண்டும். உள்ளே, அச்சைச் சுற்றி, நாரும் நீள முடியும் சேர்ந்து முறுகி ஒரு கறுப்பு வளையமாக உட்கார்ந்திருக்கும், நடுவில் காய்ந்த மல்லிகைக் காம்பு ஒன்றிரண்டு. பிளேடால் நெடுக்காக ஒரு கீறல் போட்டால் முழு வளையமும் ஒரே துண்டாகக் கையோடு வரும். இதைக் கவனிக்காமல் விட்டால் அச்சு சூடாகி அந்த முனையின் பிளாஸ்டிக் இளகிவிடும். எனக்கு அப்படி ஒரு முனை போயிற்று. சேவை மையத்தில் பிரஷ்ஷை மட்டும் தனியாகத் தர மாட்டோம் என்று, பிரஷ் பொருந்தியிருக்கும் கூட்டோடு சேர்த்துத் தலையில் கட்டினார்கள்.

எஸ்7, மேக்ஸ்வி இரண்டிலும் நடு பிரஷ் முழுக்க ரப்பர். மயிரிழை வைத்த பிரஷ்ஷைவிட இது மேல், முடி அவ்வளவாகப் பின்னிக்கொள்ளாது. ஆனால் முனைகளில் சேரத்தான் செய்யும். வாரம் ஒருமுறை அதைக் கழற்றப்போவது யார்? அப்பாவா, அம்மாவா? எந்த மாடல் என்பதற்கு முன்னால் இதற்குப் பதில் தேடுங்கள்.

நவம்பர் 20

ஈர்க்குச்சியைச் சொல்ல மறந்தேன். தென்னை வாரியலிலிருந்து உதிர்ந்த ஈர்க்குச்சி ஒன்று குறுக்கே மாட்டினால் போதும், ரோபோ நடுக்கூடத்தில் நின்று ஆங்கிலத்தில் உதவி கேட்கும். எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்கா அதைக் காலால் ஒதுக்கிவிட்டு, அது பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்குவார். பாதி நாள் அவருக்குத் தூசி கிடைப்பதில்லை. அந்த வருத்தத்தில் அவரே ஈர்க்குச்சியைப் போடுகிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நவம்பர் 23

தண்ணீர். தொட்டியில் ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். உப்பு படிந்து தண்ணீர் கசியும் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் குடிநீருக்கு வடிகட்டிய தண்ணீரைத்தான் இதற்கும் ஊற்றுகிறோம், மனம் கேட்காமல்.

கேள்வி கேட்டவர் இதற்கு, 'எங்களுக்குத் தாமிரபரணித் தண்ணீர், உப்பு என்றால் என்னவென்று பைப்புக்கே தெரியாது' என்று எழுதியிருக்கிறார். சரி ஐயா. சென்னைக்காரனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பினாயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், பிளீச்சிங் பவுடர் கரைசலும் கூடாது. தொட்டியின் ரப்பரும் உள்ளே இருக்கும் பம்பும் கெட்டுவிடும். பினாயில் வாசனை இல்லாவிட்டால் வீடு துடைத்ததாகவே ஒப்புக்கொள்ளாத அம்மாக்கள் உண்டு, என் மாமியார் அதில் ஒருவர். அவருக்காக மாதம் ஓரிரு முறை கையால் துடைக்கிறோம்.

நவம்பர் 29

'வீட்டுக்குள் ஒவ்வொரு அறைக்கும் நிலைப்படி இருக்கிறது, அது பிரச்சினை ஆகுமா?' என்று போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். இதைத்தானே முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்!

இந்த இரண்டும் ஏறக்கூடிய உயரம் 2 செ.மீ. அதாவது ஒரு அங்குலம்கூட இல்லை. பழைய வீட்டு மர நிலைகளில் அடிக்கட்டை இரண்டு அங்குலத்துக்குக் குறையாது. 5,100 பாஸ்கல் அந்தக் கட்டைக்கு முன்னால் ஒன்றும் செய்யாது. எந்தெந்த அறைக்குப் படி, எது சமதளம் என்று ஒரு தாளில் கிறுக்கி அனுப்புங்கள். ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்லுங்கள், கண்மதிப்பு வேண்டாம்.

நவம்பர் 30

கிடைத்தது. முன்கூடம், சாப்பாட்டு இடம், பிற்பாடு கட்டிய படுக்கையறை ஆகிய மூன்றும் சமதளம். அடுப்படி, பூசை அறை, பழைய படுக்கையறை மூன்றுக்கும் இரண்டரை அங்குலப் படி.

சாய்பலகை வைக்கலாமே என்று ஒரு நண்பர் யோசனை சொல்கிறார். இரண்டரை அங்குலம் ஏற வேண்டுமானால் பலகை ஓரடிக்கு மேல் நீள வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் வழுக்கும். படியின் இரண்டு பக்கமும் ஓரடிப் பலகை நீட்டிக்கொண்டிருக்கும். வயதானவர்கள் இரவில் எழுந்து நடக்கும் வீடு அது. வேண்டாம்.

தூக்கி வைத்தால் அடுத்த அறையையும் பெருக்கும், தான் எங்கே இருக்கிறோம் என்று லேசரைச் சுழற்றிக் கண்டுகொள்ளும். ஆனால் கருவியின் எடை 4.7 கிலோ. முழங்கால் வலி உள்ள அம்மா குனிந்து அதைத் தூக்கி, படி தாண்டி வைப்பதைவிட, வாரியலை எடுத்து நின்றபடி பெருக்கிவிடுவார்.

ஆகவே உங்கள் வீட்டில் ரோபோவின் ஆட்சி மூன்று இடங்களில்தான். அதற்கு எந்த மாடலும் போதும். நான் இப்போது எஸ்7 பக்கம் முழுதாகச் சாய்ந்துவிட்டேன்.

டிசம்பர் 1

பீரோக் கண்ணாடி லேசரைக் குழப்பும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருப்பது பாதிதான் சரி. லேசர் சுழல்வது தரையிலிருந்து ஒன்பது, பத்து செ.மீ. உயரத்தில். இரும்பு பீரோவில் கண்ணாடி முழங்கால் உயரத்துக்கு மேல்தான் ஆரம்பிக்கும். லேசருக்கு அங்கே தெரிவது வெறும் இரும்புக் கதவு. தரையைத் தொடும் ஆளுயரக் கண்ணாடி பதித்த புது அலமாரி இருந்தால்தான் வரைபடத்தில் சுவருக்கு அப்பால் இல்லாத அறை ஒன்று முளைக்கும்.

கறுப்புக் கிரானைட் வேறு கதை. கருவியின் அடியில் இருக்கும் சென்சார்கள் அகச்சிவப்பு ஒளியைத் தரையில் அடித்து, அது திரும்பி வருகிறதா என்று பார்க்கும். வராவிட்டால் எதிரே பள்ளம், மாடிப்படி என்று பின்வாங்கும். நன்றாகக் கறுத்த கல் அந்த ஒளியை விழுங்கிவிடுவதால், சமதளத்தில் நின்றுகொண்டே கிணற்றைக் கண்டதுபோல் மிரளும் கருவிகள் உண்டு. சென்சார் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டுவது இதற்கு ஒரு குறுக்கு வழி. ஒட்டலாம், மாடிப்படி இல்லாத வீட்டில். பாளையங்கோட்டை வீட்டில் மொசைக்கும் வெளிர் டைல்ஸும்தான் என்று சொல்லியிருக்கிறார், கவலை இல்லை.

டிசம்பர் 4

நேற்றுக் கார்த்திகை. இந்த இழையைப் படிப்பவர்கள் யாராவது ரோபோவின் தினசரி நேர அட்டவணையை நிறுத்த மறந்தீர்களா?

பக்கத்து வீட்டில் மறந்துவிட்டார்கள். இரவு ஏற்றிய விளக்குகள் கூடத்து ஓரத்தில் அப்படியே இருந்தன, திரி அணைந்து, பாதி எண்ணெயோடு. காலை ஏழு மணிக்கு அது வழக்கம்போலக் கிளம்பியிருக்கிறது. அகல் விளக்கு லேசரின் உயரத்துக்கு எட்டாது; இடித்த பிறகுதான் தெரியும். இடித்துக் கவிழ்த்து, எண்ணெயை மாப் துணியில் வாங்கிக்கொண்டு, கூடம் முழுவதும் ஒரே சீராகப் பூசிவிட்டது. அவ்வளவு நேர்த்தியாக எந்த மனிதனாலும் எண்ணெய் பூச முடியாது. பிறகு சக்கரம் வழுக்கி நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்ததாம். காலையில் எங்கள் வீட்டிலிருந்து சீயக்காய்த் தூள் கடன் போனது.

இங்கேதான் மேக்ஸ்விக்கு ஒரு நியாயம் இருக்கிறது. முன்பக்கக் கேமராவும், அதோடு சேர்ந்த ஒளிக்கோட்டு சென்சாரும் லேசருக்குக் கீழே கிடப்பதைப் பார்க்கும்: செருப்பு, சார்ஜர் கம்பி, துணி. தரையில் எப்போதும் ஏதாவது கிடக்கும் வீடு என்றால் அந்தக் கூடுதல் விலை வீணில்லை.

டிசம்பர் 5

'அப்பாவின் கைபேசி சார்ஜர் எப்போதும் தரையில்தான்' என்கிறார். ஐம்பது ரூபாய்க்கு ஒரு ஆணி மாட்டி, கம்பியைச் சுவரில் சுற்றி வையுங்கள். கேமராவைவிட மலிவு.

பூசை அறை மாக்கோலத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறார். அங்கே படி இருப்பதால் கோலம் பிழைத்தது. படி இல்லாத வீட்டுக்காரர்கள் செயலியில் அந்த இடத்தைத் தடைப் பகுதியாகக் கட்டம் போட்டுவிடலாம், இரண்டு மாடலிலும் முடியும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைக் கோலம் சனிக்கிழமை வரை இருந்த சரித்திரம், அந்தக் கட்டம் போட்ட பிறகுதான்.

டிசம்பர் 9

இப்போதுதான் உண்மைக் காரணம் வெளியே வந்திருக்கிறது. மேக்ஸ்வியின் கேமரா வழியாகச் சென்னையிலிருந்தே வீட்டைப் பார்க்கலாம், பேசலாம். அப்பா அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று தெரியும். அதற்காகத்தான் அந்த மாடல் மேல் கண்.

புரிகிறது. எனக்கும் ஊரில் அம்மா இருந்தார். ஆனாலும் இரண்டு விஷயம் சொல்கிறேன்.

அந்தக் கேமரா இருப்பது கணுக்கால் உயரத்தில். உங்களுக்குத் தெரியப்போவது நாற்காலிக் கால்களும் அப்பாவின் வேட்டிக் கரையும். யாராவது விழுந்தால் அது தானாகக் கண்டுபிடித்துச் சொல்லாது. நீங்கள் அந்த நேரத்தில் செயலியைத் திறந்து, அதை அந்த அறைக்கு ஓட்டிப்போனால்தான் உண்டு. நிலைப்படி தாண்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது, வீட்டுக்குள் ஊரும் கேமரா யாருடைய கண்ணில் முடியும் என்பது. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ இதழ் ஒரு செய்தி வெளியிட்டது. ஐரோபாட் நிறுவனத்தின் ரூம்பா என்ற ரோபோ வாக்குவத்தின் சோதனை வடிவங்கள் 2020இல் வீடுகளுக்குள் எடுத்த படங்கள், படங்களுக்கு அடையாளம் குறிக்கும் வேலை செய்த வெனிசுவேலாத் தொழிலாளர்களின் சமூக ஊடகக் குழுக்களில் போய்ச் சேர்ந்திருந்தன. அதில் கழிவறையில் இருந்த ஒரு பெண்ணின் படமும் ஒன்று. கடையில் விற்ற கருவிகள் அல்ல, ஒப்புதல் கொடுத்தவர்களின் வீட்டில் ஓடிய சோதனைக் கருவிகள் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. அந்தப் பெண் எதற்கு ஒப்புதல் கொடுத்ததாக நினைத்திருப்பார்?

ரோபோராக்கின் கதை இது அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். மேக்ஸ்வியில் தொலைவிலிருந்து பார்க்கும் வசதியை நாமாக இயக்கினால்தான் வேலை செய்யும். இருந்தாலும் அம்மாவிடம் கேட்டீர்களா?

டிசம்பர் 11

பெண் வாசகர் ஒருவர் நேற்று எழுதியது என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. அவருடைய தாயார் தனியாக இருக்கிறார். ஒருநாள் தொலைபேசியை எடுக்கவில்லை. இவர் ரோபோவின் கேமராவைத் திறந்து, அதைக் கூடத்துக்கு ஓட்டிப் பார்த்தபோது, தாயார் ஊஞ்சலில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாராம். அந்த ஐந்து நிமிடத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பேன் என்கிறார்.

மறுக்க முடியவில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு மேக்ஸ்வி என்றே நானும் சொல்வேன், தாயாருக்குச் சம்மதம் இருந்தால். உங்கள் வீட்டில் இருவர் இருக்கிறார்கள், எதிர்வீட்டில் சித்தி இருக்கிறார். சித்தியை அழைப்பது கேமராவை ஓட்டுவதைவிட வேகம், சித்தி படியும் தாண்டுவார்.

டிசம்பர் 16

ஐரோபாட் திவால் பாதுகாப்பு கோரி மனுச் செய்துவிட்டது. ரூம்பாவின் தாய் நிறுவனம். 1990இல் எம்.ஐ.டி.காரர்கள் தொடங்கியது, 2002இல் முதல் ரூம்பா. 2022இல் அமேசான் 170 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்து, ஐரோப்பிய ஒன்றியம் ஆட்சேபிக்க, 2024 ஜனவரியில் கைவிட்டது. இப்போது அவர்களுக்குக் கருவி செய்து கொடுத்துவந்த சீன நிறுவனமே, தனக்கு வரவேண்டிய கடனுக்கு ஈடாக முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. உலகம் இந்த வகைக் கருவியையே ரூம்பா என்று அழைத்துக்கொண்டிருந்தது.

பழையதை வாங்குபவர்களுக்கு இதில் ஒரு கவலை உண்டு. நீட்டோ என்றொரு நிறுவனம் இருந்தது, 2023இல் மூடினார்கள். ஐந்தாண்டு சர்வரை ஓட்டுவோம் என்று சொன்னார்கள். 2025இலேயே நிறுத்திவிட்டார்கள். பட்டனை அழுத்தினால் ஓடும், செயலி கிடையாது. வரைபடம், தடைப் பகுதி, நேர அட்டவணை எல்லாம் போயிற்று.

அதனால் எந்த ரோபோ வாங்கினாலும் ஒரு சோதனை செய்யுங்கள்: வைஃபையை அணைத்துவிட்டுப் பட்டனை அழுத்துங்கள். பெருக்கிவிட்டுத் தானாக டாக்குக்குத் திரும்புகிறதா? உங்கள் அப்பா செயலியைத் தொடப்போவதில்லை. அவருக்கு அந்தப் பட்டன்தான் எல்லாம்.

டிசம்பர் 17

கைமாற்றுக் கருவியில் பார்க்க வேண்டியவை என்று கேட்டவருக்கு, சுருக்கமாக. செயலியில் இதுவரை ஓடிய மொத்த மணிநேரம் தெரியும், அதைப் படம்பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு முழு ஓட்டத்துக்குப் பிறகு பேட்டரி எத்தனை விழுக்காடு மிச்சம் என்று கேளுங்கள். பழைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து கருவியை நீக்கிவிட்டாரா என்பது முக்கியம். சீனாவின் உள்நாட்டு விற்பனைக்கான மாடலாக இருந்துவிடக் கூடாது, நம் ஊர்க் கணக்கில் சேர்க்கும்போது தகராறு செய்யும். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் எடுக்கும். ஊரில் உள்ள ரவுட்டரில் அது இயங்குகிறதா என்று அடுத்த முறை போகும்போது பாருங்கள்.

மின்செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். 14.4 வோல்ட், 5.2 ஆம்பியர் மணி. இந்த இரண்டு எண்ணையும் பெருக்கினால் 75 வாட் மணி கூட இல்லை. பத்து முறை முழுதாக ஏற்றினால் ஒரு யூனிட்டை ஒட்டி வரும்.

டிசம்பர் 28

எஸ்7 என்று முடிவாகிவிட்டதாம், தங்கை பணம் கொடுத்துவிட்டாராம். அம்மாவிடம் கேட்டதற்கு, 'தரையில் ஊர்ந்துவந்து என்னைப் பார்க்க அது யார்?' என்று ஒரே வரியில் கேமராவை முடித்துவிட்டாராம். நான் எழுதிய நீளத்துக்கு அவரையே முதலில் கேட்டிருக்கலாம்.

விமானத்தில் வருமா என்ற கேள்வி. மேலே போட்ட அதே கணக்குதான். லித்தியம் பேட்டரிக்கு விமானங்களில் வழக்கமான வரம்பு 100 வாட் மணி, இது அதற்குள் வருகிறது. கருவிக்குள் பொருத்திய நிலையில், முழுவதும் அணைத்து எடுத்துவரலாம். தனியாக உதிரி பேட்டரி வாங்கினால் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. எதற்கும் விமான நிறுவனத்தின் விதியை ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். தொட்டியை உலர்த்தி, தூசுப் பெட்டியைக் கழுவி எடுத்துவரட்டும். யாரோ ஒருவர் வீட்டு முடி உங்கள் கூடத்துக்கு எதற்கு?

டிசம்பர் 29

பிளக். சிங்கப்பூரின் மூன்று கால் பிளக் தட்டையான கால்கள் கொண்டது, நம் சுவரில் நுழையாது. மின்னழுத்தம் அங்கேயும் 230 வோல்ட் என்பதால் மின்மாற்றி எதுவும் வேண்டாம், அடாப்டர் போதும். மலிவான அடாப்டர்கள் தளர்ந்து தளர்ந்து பொறி பறக்கும்; டாக்கிலிருந்து கம்பி தனியாகக் கழன்று வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதே முனையுள்ள இந்தியக் கம்பி எந்த மின்சாதனக் கடையிலும் கிடைக்கும். கடைக்குப் போகும்போது பழைய கம்பியைக் கையோடு எடுத்துப் போங்கள்.